ஷானி டிலூக்காவின் பியானோவும் நம் பெண்பிள்ளைகளும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் சீனியும் பிரஷரும் பற்றித்தான் பேசுவார் என்று எல்லோரும் நினைப்பது வழக்கம். சங்கத்திலிருந்து எம்மை அழைத்தபோதும், "ஏதும் நல்ல சுகாதாரத் தலைப்பாகப் பாருங்க" என்றுதான் சொன்னார்கள். நாங்கள் கேட்டு வாங்கிய தலைப்பு பியானோ. பிரஷரும் இடையில் ஒரு தடவை வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்று இங்கே சொல்வது ஐந்து பேரை. இப்பாடசாலையில் ஒரே வகுப்பில் இருந்து உயர்தரம் எழுதியவர்கள். இருவர் ஊரில் இருக்கிறோம். ஒருவர் டோஹாவில், ஒருவர் மெல்பேர்னில், ஒருவர் பாரிஸில். சில வருடங்களாக மாதத்தில் ஓர் இரவு, ஒரே ஒலிப்பதிவை அவரவர் வீட்டில் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். எங்களில் எவருக்கும் பியானோ வாசிக்கத் தெரியாது. பாரிஸில் இருப்பவர் ஒருநாள் ஓர் இறுவட்டின் படத்தை அனுப்பி, "இந்தப் பிள்ளையின் தாய் தகப்பன் நம் நாட்டு ஆக்களாம்" என்று எழுதியிருந்தார். அட்டையில் இருந்த பெயர் ஷானி டிலூக்கா.

அவர் 1976ஆம் ஆண்டு மொனாக்கோவில் பிறந்தவர். பெற்றோர் இலங்கையர். மொனாக்கோ என்பது பிரான்சின் தென்கரையில் இரண்டு சதுர கிலோமீற்றர் அளவேயுள்ள ஒரு நாடு. அந்நாட்டின் இளவரசி கிரேஸ், திறமையுள்ள சிறு பிள்ளைகளை இனங்காண்பதற்கு ஒரு திட்டத்தைத் தொடக்கி வைத்திருந்தார். அந்தத் திட்டத்தின் வழியாக ஆறு வயதில் இனங்காணப்பட்ட பிள்ளைதான் ஷானி. பின்னர் பாரிஸ் தேசிய இசைக் கல்லூரியில் படித்தார். இத்தாலியின் கோமோ ஏரிக் கரையில் உள்ள பியானோ அகாதமியிலும் பயின்றார். அவருக்குக் கற்பித்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான லியோன் பிளைஷர். வைத்தியர்களான எங்களுக்கு இந்தப் பெயர் விசேடமானது. 1960களின் நடுப்பகுதியில் பிளைஷரின் வலது கை விரல்கள் தாமாகவே மடங்கத் தொடங்கின. தசைகளைக் கட்டுப்படுத்தும் நரம்புச் செயற்பாட்டில் ஏற்படும் கோளாறு அது. முப்பது வருடங்கள் அளவில் அவர் இடது கைக்கென எழுதப்பட்ட இசையை வாசித்தும், மற்றவர்களுக்குக் கற்பித்தும் வாழ்ந்தார். சிகிச்சையின் பின்னர் 1990களில்தான் வலது கை ஓரளவு திரும்பியது. இசையை விரலில் மட்டும் வைத்திருந்தால் விரல் போனதும் எல்லாம் போய்விடும். காதிலும் மனதிலும் வைத்திருந்தவரிடம் படித்த பிள்ளை இவர்.

மேற்கத்திய பியானோ உலகில் மார்த்தா ஆர்கெரிச் போன்ற பெரும் பெயர்களோடு ஷானியின் பெயர் சேர்த்துச் சொல்லப்படுவதில்லை. நம் நாட்டிலேயே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் அவர் தந்திருக்கும் ஒலிப்பதிவுகள் நிதானமாகச் சேர்ந்து வந்த ஒரு செல்வம். மிராரே என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்காக நோர்வேயின் கிரீக், ஜேர்மனியின் மெண்டல்சோன் ஆகியோரின் இசையைப் பதிவுசெய்தார். பீத்தோவனின் முதல் இரண்டு கொன்செர்ட்டோக்களையும் வாசித்தார். 2020இல் வோர்னர் கிளாசிக்ஸ் வெளியிட்ட 'கொஸ்மொஸ்' என்ற தொகுப்பில் பீத்தோவனின் இசைக்கு அருகில் சித்தாரையும் தப்லாவையும் அமர்த்தினார். பீத்தோவன் தம் நாட்குறிப்பில் இந்தியத் தத்துவ நூல்களிலிருந்து சில பகுதிகளைப் பிரதிசெய்து வைத்திருந்தார் என்பது அத்தொகுப்புக்குப் பின்னால் இருக்கும் செய்தி. அடுத்த வருடம், பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் வாழ்ந்த காலத்து இசையை ஒரு தொகுப்பாக்கினார்.

இன்று நாம் பேசப்போவது கிரீக், மெண்டல்சோன் இருவரையும் பற்றி. இவர்களை ரொமாண்டிக் கால இசையமைப்பாளர்கள் என்பார்கள். ரொமாண்டிக் என்றதும் சினிமாக் காதல் பாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில், தனி மனிதரின் உள்ளத்தில் நடப்பதை, இயற்கையை, நினைவை, ஏக்கத்தை இசையில் சொல்ல முனைந்த காலத்துக்கு அந்தப் பெயர். அதே நூற்றாண்டில்தான் பியானோவும் பெரிதாக வளர்ந்தது. மரச் சட்டத்துக்குப் பதிலாக இரும்புச் சட்டம் வந்தது. இன்றைய பியானோவில் 88 கட்டைகளும் இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகளும் இருக்கின்றன. அந்தக் கம்பிகள் எல்லாம் சேர்ந்து சட்டத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ இருபது தொன் பாரத்துக்குச் சமம்.

இவ்வளவு பலம் இருந்தும் அந்த வாத்தியத்தில் ஒரு பெரிய குறை உண்டு. கட்டையை அழுத்தினால் கம்பளி போர்த்த ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஒலி பிறந்த அந்தக் கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். தாலாட்டுப் பாடும் உம்மம்மா ஓர் எழுத்தை நீட்டி, நடுவில் குரலைக் கூட்டி, பிறகு மெல்ல இறக்குவா. பியானோவால் அது முடியாது. தட்டிய பிறகு அந்த ஒலியைக் கூட்ட எவராலும் இயலாது. ஆனாலும் நல்ல பியானோக் கலைஞர் வாசிக்கும்போது அது பாடுவதாகவே நமக்குக் கேட்கிறது. அடுத்த ஒலியை, முன்னையது தேய்ந்து நிற்கும் அளவுக்குப் பொருத்தமாகத் தட்ட வேண்டும். காலால் மிதியை அழுத்தி ஒலிகளை ஒன்றோடொன்று கலக்கவிட வேண்டும், கலங்கிப்போகவும் விடக் கூடாது. முழுவதும் காதின் வேலை. ரொமாண்டிக் பியானோ இசையின் அழகு பெரும்பாலும் இந்தத் தேய்மானத்தோடு நடக்கும் சமரசத்தில் இருக்கிறது.

இதைக் கேட்டுப் பழக மிக நல்ல இடம் கிரீக். எட்வார்ட் கிரீக் 1843இல் நோர்வேயின் பேர்கன் என்ற துறைமுக நகரில் பிறந்தவர். அவருக்கு முதன்முதல் பியானோ சொல்லிக்கொடுத்தவர் தாய். லைப்சிக் நகரில் படிக்கப்போன இடத்தில், 1860இல், கடும் சுவாசப்பை நோய் வந்து ஒரு பக்கச் சுவாசப்பை ஏறக்குறையச் செயலிழந்துவிட்டது. மிச்ச வாழ்நாளெல்லாம் ஒற்றைச் சுவாசப்பையோடு மலைநாட்டில் நடந்து திரிந்தவர் அவர். தமது 24ஆவது வயதில், 1868இல், புகழ்பெற்ற பியானோ கொன்செர்ட்டோவை எழுதினார். ஆனால் அவருடைய இருதயம் இருப்பது 'லிரிக் பீசஸ்' என்னும் சிறு துண்டுகளில் என்பது எங்கள் எண்ணம். மொத்தம் 66 துண்டுகள், பத்துத் தொகுதிகள். முதலாவது தொகுதி 1867இல் வந்தது, கடைசித் தொகுதி 1901இல். பல துண்டுகள் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். வீட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. முதலாவது துண்டில் வரும் எளிய மெட்டு, முப்பத்து நான்கு வருடங்களுக்குப் பிறகு அறுபத்தாறாவது துண்டில் வேறு நடையில் திரும்பி வரும். அந்தக் கடைசித் துண்டுக்கு அவர் இட்ட தலைப்பின் பொருள் நினைவுகள். இளமையில் பாடியதை முதுமையில் ஒருவர் தமக்குள் முணுமுணுப்பது போல இருக்கும்.

இந்தச் சிறு துண்டுகளில் ஒரு தெரிவை ஷானி பதிவுசெய்திருக்கிறார். எங்களுக்குப் பிடித்தது அவருடைய அவசரமின்மை. உரத்த இடங்களில் அவரைவிடப் பலம் காட்டுபவர்கள் உண்டு. ஒலி மெலிந்து, கேட்கிறதா இல்லையா என்று வரும் இடத்தில்தான் அவருடைய கை தெரிகிறது. ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில் ஒரு மூச்சளவு இடைவெளி விடுகிறார். கேட்பவரும் தாமறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார். இரவுக் கடமை முடிந்து வந்து, வீட்டார் எல்லோரும் உறங்கிய பிறகு, மெதுவான சத்தத்தில் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை ஒன்றும் விளங்காது. மூன்றாம் தடவை இடது கை என்ன சொல்கிறது என்று கேட்கும்.

காதைப் பழக்குவது எங்கள் தொழிலுக்கும் அந்நியமானதல்ல. இதயத்தை ஒட்டுக் கேட்கும் ஸ்டெதஸ்கோப்பை 1816இல் பாரிஸில் கண்டுபிடித்த லெனெக் புல்லாங்குழல் வாசிப்பவர். அவருக்கு எண்ணூறு வருடங்கள் முந்திய எங்கள் இப்னு ஸீனா, தமது அல்கானூன் நூலில், நாடித் துடிப்புக்குள் இசைக்குரிய தன்மை உண்டு என்று எழுதினார். துடிப்புகளின் பலத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தை விரல் நுனியால் உணர வேண்டும் என்பது அவருடைய பாடம். மருத்துவ மாணவிகளாக இருந்த காலத்தில் எங்களுக்கும் முதல் சில வாரங்களில் இதயத்தில் இரண்டு ஒலிகள் மட்டும்தான் கேட்டன. அவற்றுக்கு நடுவில் ஒழுகும் வால்வின் சன்னமான முணுமுணுப்பு, பழகப் பழகத்தான் வெளிப்பட்டது. அது முதல் நாளே அங்கேதான் இருந்தது. கேட்கப் பழகாத காதுக்கு இருப்பதும் இல்லாததாகிவிடும்.

இனி மெண்டல்சோன். இந்த இடத்தில்தான் எங்கள் ஐவரின் பேச்சு இசையை விட்டு வேறு திசையில் திரும்பியது.

இசைக்கருவிகள் பற்றி நம் சமூகத்தில் ஒரே கருத்து இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கூடாது என்று சொல்லும் உலமாக்கள் பலர். வேறு கருத்துக் கொண்டவர்களும் நமது வரலாற்றில் இருந்திருக்கிறார்கள். இந்தச் சபையிலும் இரண்டு பக்கத்தாரும் அமர்ந்திருக்கிறீர்கள். எங்கள் ஐவரிலேயே ஒருவர் மனிதக் குரலைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. அவரை நாங்கள் வற்புறுத்துவதும் இல்லை, அவர் எங்களைக் கண்டிப்பதும் இல்லை. மாதாந்தப் பேச்சுக்கு அவர் ஒலிப்பதிவைக் கேட்காமல், அதை எழுதியவரின் வரலாற்றை வாசித்துவிட்டு வருவார். மெண்டல்சோனின் மாதத்தில் அவர் வந்து சொன்ன முதல் வார்த்தை, "அந்த ஆளுக்கு ஒரு ராத்தா இருந்திருக்கா, தெரியுமா?" என்பது.

பெலிக்ஸ் மெண்டல்சோன் 1809இல் பிறந்தவர். அவருடைய ராத்தா பென்னி 1805இல் பிறந்தவர். பெர்லினில் வசதியும் கல்வியும் நிறைந்த வீட்டில் இருவரும் ஒரே ஆசிரியர்களிடம் இசை படித்தார்கள். இருவருக்கும் ஒத்த திறமை. பென்னிக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, 1820இல், தந்தை அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்பிக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது ஓர் அலங்காரமாக மட்டுமே இருக்க முடியும் என்பது அதன் சாரம். அன்பில்லாத தந்தை அல்லர். மகளை நன்றாகப் படிப்பித்தவர். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அக்காலத்துச் சமூகம் போட்டிருந்த கோட்டை அவரும் அப்படியே ஏற்றுக்கொண்டார்.

பென்னி எழுதுவதை நிறுத்தவில்லை. வாழ்நாளில் 450க்கும் மேற்பட்ட இசை ஆக்கங்களை எழுதினார். பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒவ்வொரு பியானோ இசை எழுதி, 1841இல் 'வருடம்' என்ற பெயரில் ஒரு தொகுதி செய்தார். கணவர், ஓவியர் வில்ஹெல்ம் ஹென்சல், அவரை ஊக்கப்படுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே சபை கூட்டி வாசிப்பார். பொது மேடையில் அவர் பியானோ வாசித்ததாகப் பதிவில் இருப்பது ஒரே ஒரு தடவை, 1838இல். அன்றும் வாசித்தது தம்பியின் கொன்செர்ட்டோவை.

தம்பி தமது பெயரில் வெளியிட்ட இரண்டு பாடல் தொகுதிகளில், தொகுதிக்கு மூன்றாக ஆறு பாடல்கள் ராத்தா எழுதியவை. 1842இல் பெலிக்ஸ் லண்டன் அரண்மனைக்குப் போனபோது, விக்டோரியா மகாராணி அவருடைய பாடல்களில் தமக்குப் பிடித்த ஒன்றைப் பாடிக் காட்டினார். அது பென்னியின் பாடல். அதை எழுதியது என் சகோதரி என்று பெலிக்ஸ் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பென்னி தமது சொந்தப் பெயரில், தமது சொந்த முடிவில், முதலாவது தொகுதியை வெளியிட்டது 1846இல். அப்போது வயது நாற்பது. அடுத்த வருடம் மே மாதம் 14ஆம் திகதி, வீட்டுச் சபைக்கான ஒத்திகையில் பியானோவுக்கு முன்னால் அமர்ந்திருந்தபோது கைகள் உணர்விழந்தன. பாரிசவாதம். அன்றிரவே காலமானார். ஆறு மாதத்துக்குள், நவம்பர் 4ஆம் திகதி, பெலிக்ஸும் அதே நோயால் போனார். அவருக்கு வயது 38. அந்தக் குடும்பத்தில் பெற்றோரும் பாரிசவாதத்தால் இறந்தவர்கள். இரத்த அழுத்தத்தை அளக்கும் கைப்பட்டி இத்தாலியில் ரிவா ரொச்சியால் செய்யப்பட்டது 1896இல்தான். இன்று அந்தக் கருவி ஒவ்வொரு கிளினிக்கிலும் இருக்கிறது. குடும்பத்தில் பாரிசவாதம் உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தத் தவற வேண்டாம். முன்னர் சொன்ன பிரஷர் கதை இவ்வளவுதான்.

இன்னொரு சம்பவத்தைச் சொன்னால் ஒலிப்பதிவுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு விளங்கும். 1828இல் பென்னி 'ஈஸ்டர் சொனாட்டா' என்ற நீண்ட பியானோ ஆக்கத்தை எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி நெடுங்காலம் காணாமற் போயிருந்தது. பாரிஸில் அது கிடைத்து, 1972இல் இசைத்தட்டாக வந்தபோது பெலிக்ஸின் ஆக்கம் என்றே வெளியிடப்பட்டது. பிரதியில் இருந்த பெயர் எப். மெண்டல்சோன். இவ்வளவு பலமான இசை ஒரு பெண்ணுடையதாக இருக்காது என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. 2010இல் அஞ்சலா மேஸ் என்ற ஆய்வு மாணவி பாரிஸுக்குப் போய் அந்தப் பிரதியை நேரில் பார்த்தார். கையெழுத்து பென்னியுடையது. பக்க இலக்கங்களும் பென்னியின் வேறொரு கொப்பியில் காணாமற் போயிருந்த பக்கங்களோடு பொருந்தின. 2017 மார்ச் 8ஆம் திகதி, சர்வதேச மகளிர் தினத்தில், லண்டன் ரோயல் கொலேஜ் ஒஃப் மியூசிக்கில் சோபியா குல்யாக் என்ற பியானோக் கலைஞர் அதைப் பென்னியின் பெயரிலேயே வாசித்தார். எழுதப்பட்டு 189 வருடங்கள் கழித்து.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு ஷானி வாசித்த மெண்டல்சோன் தட்டை நாங்கள் திரும்பவும் கேட்டோம். ஓசை மாறவில்லை, கேட்ட நாங்கள் மாறியிருந்தோம். பெலிக்ஸ் 'சொற்களற்ற பாடல்கள்' என்ற பெயரில் ஆறு ஆறாக எட்டுத் தொகுதி பியானோத் துண்டுகளை எழுதியவர். அந்த வகை இசையில் சிறுவயது முதல் அவரும் ராத்தாவும் ஒன்றாகத் திளைத்தவர்கள். இரண்டு பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்ந்து படித்ததில், ஒருவரின் பெயர் உலகெங்கும் போயிற்று. மற்றவரின் பெயர் வீட்டு வாசலோடு நின்றது. அதே வகை வாத்தியத்தின் முன்னால், ஆறு வயதில், இலங்கைப் பெற்றோரின் மகள் ஒருத்தி அமர்த்தப்பட்டாள். அவளுடைய பெயர் இன்று அட்டையில் இருக்கிறது. இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இடையில் திறமையின் அளவை ஒப்பிட எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. ஒருத்திக்குக் கதவு திறந்து விடப்பட்டது, மற்றவளுக்கு அலங்காரம் போதும் என்று சொல்லப்பட்டது.

கதவு திறப்பது வசதியுள்ள வெள்ளைக்கார நாடுகளில் மட்டும் நடக்கக்கூடியது என்று சிலர் நினைக்கலாம். துருக்கியைப் பாருங்கள். 1948இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இரண்டு சிறுமிகளுக்காக ஒரு சட்டமே இயற்றியது. ஒருத்தி வயலின் வாசித்த சுனா கான். மற்றவள் பியானோ வாசித்த இதில் பிரெட், அப்போது வயது ஆறு. அரசாங்கச் செலவில் பெற்றோரோடு அவளைப் பாரிஸுக்கு அனுப்பிப் படிப்பித்தார்கள். அந்தச் சிறுமி பிற்காலத்தில் ஷொப்பான் பியானோவுக்கு எழுதியதை எல்லாம் நக்ஸோஸ் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தார். ரொமாண்டிக் பியானோ இசையை ஒழுங்காகக் கேட்க விரும்புபவர்களுக்கு அது ஒரு முழு நூலகம்.

சகோதரிகளே, இப்போது நம் ஊருக்கு வருவோம்.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நமது கரையில் பியானோ இல்லை. ஆனால் பாட்டு இருந்தது. வயலில் கவி பாடினார்கள். தொட்டிலருகே தாலாட்டினார்கள். கலியாண வீட்டில் குரவையிட்டார்கள். மருதமுனையில் தறியின் சத்தத்துக்கு மேலாகவும் குரல் எழுந்தது. நான்கு வரியில் ஒரு பெண்ணின் காத்திருப்பையும் கோபத்தையும் கேலியையும் சொல்லிவிடும் அந்தக் கவிகள், எந்த நாட்டு 'லிரிக்' துண்டுக்கும் குறைந்தவை அல்ல. அவற்றில் பலவற்றை நம் பெரியவர்கள் தேடித் தொகுத்து நூலாக்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கவியைக் கட்டிய பெண் யார்? எந்தக் குடியைச் சேர்ந்தவ? யாருடைய மகள்? பெரும்பாலும் தெரியாது. நாட்டார் பாடல் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். நாட்டார் என்பவர் யாரோ ஒரு மூத்தம்மாதான். தாய்வழியில் குடி எண்ணும் நம் ஊரில், வீடு பெண்ணின் பெயரில் இருக்கும் நம் ஊரில், அவ கட்டிய பாட்டு மட்டும் அவவின் பெயரில் இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனவற்றை நாம் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். உயிர்களுக்கு முன்னால் மற்றவை எதுவும் பெரிதல்ல. ஆனாலும் கரையோர வீடுகளில் இருந்த கசற்றுகளும் கொப்பிகளும் அன்று கடலோடு போயின. அவற்றில் இருந்த குரல்கள் இனி வரமாட்டா. எஞ்சியிருப்பவை எழுபது எண்பது வயதைக் கடந்த சிலரின் ஞாபகத்தில் இருக்கின்றன. வைத்தியர்கள் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். மறதி நோய் வந்தவர்களிடம் நேற்று நடந்தது போன பிறகும் சிறுவயதில் பாடிய பாட்டு பல காலம் தங்கியிருக்கும். ஆனால் எப்போதைக்கும் இருக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. இப்பாடசாலையில் இன்று படிக்கும் பிள்ளைகளில் அழகாகக் கிராஅத் ஓதும் பிள்ளை இருக்கிறாள். சித்திரம் கீறும் பிள்ளை, கவிதை எழுதும் பிள்ளை, மற்றவர்களின் நடை பேச்சைச் செய்துகாட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கும் பிள்ளை இருக்கிறாள். சாதாரண தரம் நெருங்கியதும் அவளுக்குச் சொல்லப்படுவது என்ன? "அதையெல்லாம் வையி, டியூசனுக்குப் போ, பயோ செய்து அந்த டொக்டர் மிஸ்ஸைப் போல வா." அந்த டொக்டர் மிஸ் நாங்கள்தான். எங்கள் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையின் கையிலிருந்து தூரிகையை வாங்குவதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை என்பதை இந்த மேடையில் சொல்லிவைக்க விரும்புகிறோம். வைத்தியம் நல்ல தொழில், நம் ஊருக்கு இன்னும் பெண் வைத்தியர்கள் தேவை. அதற்காக மற்றத் திறமை எல்லாம் அலங்காரம் என்றால், 1820இல் பெர்லினில் எழுதப்பட்ட அந்தக் கடிதத்தை நாம் தமிழில் திரும்ப எழுதுகிறோம் என்றே பொருள்.

ஆகவே நூற்றாண்டு காணும் நமது சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, ஓர் ஒலிக் காப்பகம். பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு பழைய மாணவியும் தன் உம்மாவையோ உம்மம்மாவையோ மாமியையோ கையிலுள்ள தொலைபேசியில் பாட வைத்துப் பதிவுசெய்யட்டும். தொடக்கத்தில் மூன்று விடயங்கள் கட்டாயம் சொல்லப்பட வேண்டும்: பாடுபவரின் பெயர், அவருடைய தாயின் பெயர், இந்தப் பாட்டை யாரிடம் கேட்டுப் படித்தார் என்பது. அனுமதி கேட்டே செய்ய வேண்டும். தன் குரல் வெளியே போவதை விரும்பாதவரின் வரிகளை எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். தாலாட்டும் கவியும் மனிதக் குரல்தான், எங்கள் ஐந்தாவது தோழியும் இதற்கு முழு மனதோடு சம்மதம் தந்துவிட்டார். டோஹாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டால் பயணப் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும்.

இரண்டு, ஒரு திறமைக் கொப்பி. மூன்றாம் வகுப்பு முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். இந்தப் பிள்ளையிடம் நாம் கண்டது இது என்று வகுப்பாசிரியை வருடத்துக்கு ஒரு வரி எழுதட்டும். பரீட்சைப் புள்ளி வேண்டாம். சாதாரண தரத்துக்குப் பாடம் தெரிவுசெய்யும் நாளில் பெற்றோரை அழைத்து அந்தப் பக்கத்தை அவர்கள் முன்னால் வாசித்துக் காட்டட்டும். முடிவு அவர்களுடையது. ஆனால் தம் பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்த பின்னர் எடுக்கும் முடிவாக அது இருக்கும். மேலே படிப்பதற்கு உதவி தேவைப்படும் பிள்ளைக்கென ஒரு சிறு நிதியைச் சங்கம் ஒதுக்கினால், எங்கள் வகுப்பின் முதல் பங்கை இன்றே தருகிறோம். மொனாக்கோவில் ஓர் இளவரசி செய்ததைச் செய்ய நம்மிடம் அரண்மனை இல்லை. நூறு வருடம் நிலைத்த ஒரு சங்கம் இருக்கிறது.

ஷானி டிலூக்காவின் ஒலிப்பதிவுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. கேட்க விரும்புபவர்கள் கிரீகிலிருந்து தொடங்குங்கள். விரும்பாதவர்கள் உங்கள் வீட்டு மூத்தம்மாவிடமிருந்து தொடங்குங்கள். இரண்டிலும் சன்னமான இடத்தைக் கவனியுங்கள்.

நமது பாடசாலையை நிறுவியவர்களுக்கும், கற்பித்து மறைந்த ஆசிரியர்களுக்கும், நம்மோடு படித்து இன்று நம்மிடையே இல்லாத தோழியருக்கும் வல்ல அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. இங்கே படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் திறமையும் அவளுடைய சொந்தப் பெயரிலேயே அறியப்பட அருள் புரிவானாக.